மேடையில் பல்லவி வரைக்கும்தான் கூட்டம் பாடுது, சரணம் எங்கே போச்சு?

மேடைக்கீபோர்டு | குகை

எல்லாருக்கும் வணக்கம். மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறேன். ஆடி வந்துட்டா கோட்டை மாரியம்மன்ல ஆரம்பிச்சு குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைன்னு சேலம் முழுக்கப் பண்டிகை, எங்களுக்கும் ராத்திரி ராத்திரி மேடை. ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தை இங்க கேட்கணும்.

முன்னாடி ரசிகருங்க துண்டுச்சீட்டுல பாட்டு பேர் எழுதி மேடைக்கு அனுப்புவாங்க. இப்ப நேரா படிக்கட்டுக்கு வந்து போனை நீட்டுறாங்க. அதுல ஒரு ரீல்ஸ் ஓடும், பதினஞ்சு இருபது செகண்ட். "இந்தப் பாட்டுண்ணா." பாட்டு பேரும் தெரியாது, படமும் தெரியாது. நாங்க முறையா முன்னிசையில இருந்து எடுத்தா கூட்டம் காத்துக்கிட்டு நிக்குது. அந்தத் துண்டு வந்ததும் நூறு கை மேல போகுது, போன் எல்லாம் மேல போகுது, ஸ்டெப் போடுறாங்க. துண்டு முடிஞ்சதும் பாடகி தனியா சரணம் பாடிக்கிட்டு இருக்கும். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருக்கு.

சில குழுக்கள் இப்ப பாட்டு முழுசா வாசிக்கிறதே இல்லை. பத்து பாட்டோட துண்டுகளைக் கோத்து ஒரே மூச்சுல அடிச்சுட்டுப் போறாங்க. எங்க குழுத் தலைவரும் அப்படிப் பண்ணலாம்னு சொல்றார். எனக்கு ஒப்பலை.

ஆனா இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்தது. 2024 செப்டம்பர்ல லப்பர் பந்து படம் வந்ததுக்கு அப்புறம் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' கேட்காத ஊர் இல்லை. 1989ல வந்த பொன்மனச் செல்வன் பாட்டு அது. அப்ப பொறக்காத பசங்க சரணம் வரைக்கும் விடாம கூடப் பாடுறாங்க. இதுவும் ரீல்ஸ்ல சுத்தின பாட்டுதானே? ஒரு பாட்டுல துண்டு மட்டும் நிக்குது, இன்னொரு பாட்டு முழுசா உள்ள போகுது. என்ன வித்தியாசம்? யாராவது யோசிச்சிருந்தா சொல்லுங்க.


ஃபிரேம்கட் | அஸ்தம்பட்டி

அண்ணா, நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். ஏற்காடு போய் எடுக்கிற வெளிப்புறப் படப்பிடிப்புதான் எனக்குப் பாதி வேலை. ஜோடி வரும்போதே ஆடியோவை சேவ் பண்ணி வெச்சிருப்பாங்க. லேடீஸ் சீட் காட்சிமுனையில நின்னு இந்த வரி, ஏரிக்கரையில அந்த வரின்னு முடிவு பண்ணித்தான் வண்டியே ஏறுறாங்க. அவங்களுக்குப் பாட்டு எந்த இடத்துல தொடங்குதுன்னு கேட்டா, அந்தத் துண்டு தொடங்குற இடத்தைத்தான் சொல்லுவாங்க.

என் அனுபவத்துல வீடியோவால ஓடுற பாட்டு ரெண்டு ஜாதி. ஒண்ணு பார்க்கிற வீடியோ, இன்னொண்ணு செய்யுற வீடியோ.

ரவுடி பேபி பார்க்கிற வீடியோ. பிரபுதேவா அமைச்ச நடனம், சாய் பல்லவி ஆடுற ஆட்டம். வீட்டுல நின்னு அதே மாதிரி ஆட எத்தனை பேரால முடியும்? திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. தென்னிந்தியப் பாட்டுகள்ல யூடியூப்ல முதல்ல 100 கோடி பார்வையைத் தொட்டது அதுதான், 2020 நவம்பர் 16ல. 'ஒய் திஸ் கொலவெறி டி' 2011ல வெளியான அதே நவம்பர் 16. தனுஷே அன்னைக்கு இதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அரபிக் குத்து செய்யுற வீடியோ. 2022 பிப்ரவரி 14ல வரிகள் வீடியோ வந்தது, பீஸ்ட் படம் ஏப்ரல்ல. நடுவுல இருந்த ரெண்டு மாசம் அந்த ஸ்டெப்பை நாடே போட்டு முடிச்சிருச்சு. யார் வேணா போடலாம், இடம் ரெண்டு அடி போதும். செய்யுற வீடியோவுக்கு வேண்டியது அதுதான். செஞ்சு முடிச்சதும் வேலை தீர்ந்தது, சரணம் எதுக்கு? உங்க மேடைக் கூட்டம் அதைத்தான் பண்ணுது. அவங்க பாட்டு கேட்க வரலை, தாங்க போட்ட ஸ்டெப்பை எல்லாரோடவும் சேர்ந்து ஒரு தடவை போட வர்றாங்க. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.


ஓய்வாசிரியர் | செவ்வாய்ப்பேட்டை

தம்பிகள் இருவரும் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் படம்தான் பாட்டைச் சுமக்கிறது என்பது கைபேசி வந்த பிறகு தோன்றியது அல்ல. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்றும் நிற்கிறதே, அந்த வளாகத்தில் 1950ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மந்திரிகுமாரியை நினைத்துப் பாருங்கள். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்'. கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. அவள் அவனையே தள்ளிவிடுகிறாள். அந்தக் காட்சியைப் பார்த்தவர் எவருக்கும் அந்த மெட்டு அதன் பிறகு வெறும் காதல் பாட்டாகக் கேட்காது. இன்றைக்கும் யாராவது உயரமான இடத்தில் நின்றால் நண்பர்கள் அந்த முதல் வரியைப் பாடிக் கேலி செய்கிறார்கள். இதைத்தானே நீங்கள் மீம் என்கிறீர்கள்?

வேறுபாடு பரவும் வழியில் இருக்கிறது. அன்றைக்குத் திரையரங்க வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். சில்லறை கொடுத்து வாங்கிவந்தால் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் அம்மாக்கள் அதைப் பார்த்துப் பாடிப் பழகுவார்கள். பிறகு இலங்கை வானொலி. அங்கும் பாட்டு முழுதாகத்தான் ஒலிக்கும். எந்த வழியில் வந்தாலும் பாட்டு முழுசாகத்தான் கைக்கு வந்தது. இப்போதுதான் முதன்முறையாகப் பாட்டைத் துண்டாக மட்டும் வாழ்நாள் முழுதும் தெரிந்து வைத்திருக்க முடிகிறது.

அந்தப் பாடகிப் பெண்ணிடம் சொல்லுங்கள், சரணத்தை விட வேண்டாம் என்று.


எண்கணக்கு | சேலம், இப்ப சென்னை

விளம்பர நிறுவனம் ஒண்ணுல டிஜிட்டல் பக்கம் வேலை பார்க்கிறேன். 'பார்வை' எண்ணிக்கையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை, ஏன்னா இந்த மாதிரி விவாதத்துல எல்லாரும் அதை ஒரே மாதிரி எண்ணிக்கையா நினைச்சுப் பேசுறாங்க.

எதை எண்ணுறதுங்கிற விதி மாறினா எது 'ஹிட்'ங்கிறதும் மாறும். நல்ல உதாரணம் 'ஹார்லெம் ஷேக்' பாட்டு. பாவர்ங்கிற இசைக்காரர் 2012ல வெளியிட்டது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரிசா யாரும் கண்டுக்கலை. 2013 பிப்ரவரியில அரை நிமிஷ வீடியோ ஒண்ணு பரவுது: முதல்ல ஒருத்தர் மட்டும் ஆடுவார், சுத்தி இருக்கிறவங்க கண்டுக்காம தங்களோட வேலையைப் பார்ப்பாங்க, இசை கனமா இறங்குற இடத்துல எல்லாரும் சேர்ந்து குதிப்பாங்க. அலுவலகம், தீயணைப்பு நிலையம், ராணுவ முகாம்னு ஆளாளுக்கு ஒண்ணு எடுத்தாங்க. அதே மாசம் அமெரிக்காவோட பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியல் யூடியூப் கணக்கையும் சேர்க்க ஆரம்பிச்சது, ரசிகருங்க எடுத்த வீடியோவும் அதுல அடக்கம். பாட்டு பட்டியலுக்குள்ள வரும்போதே முதல் இடம். அந்த விதி ஒரு மாசம் தள்ளி வந்திருந்தா கதை வேற.

இங்கயும் அப்படித்தான். 'வெளியான 24 மணி நேரத்துல இத்தனை கோடி'ன்னு போஸ்டர் அடிக்கிற காலம் ஒண்ணு இருந்தது. விளம்பரமா ஓடவிட்டு வாங்குற பார்வையும் அதுல கலந்திருக்கும். 2019 செப்டம்பர்ல யூடியூப் அதை நிறுத்துச்சு: காசு கொடுத்து வர்ற பார்வை இசைப் பட்டியலுக்கும் முதல் நாள் சாதனைக்கும் சேராதுன்னு அறிவிச்சது. ஷார்ட்ஸ்ல 2025 மார்ச் 31ல இருந்து வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை, திரும்ப ஓடினா இன்னொண்ணு. விரலால தள்ளிவிட்டுப் போனவரும் கணக்குல இருக்கார்.

அதனால கோடிக் கணக்கைப் பார்த்துட்டு 'மக்கள் இதைத்தான் விரும்புறாங்க'ன்னு உங்க குழுத் தலைவர் முடிவு பண்ணினா அது அவசர முடிவு. மேடைக்கு முன்னாடி நிக்கிற ஆளுங்க உங்களுக்கு நேரா தெரியுறாங்க, எங்களுக்கு அந்த வசதி இல்லை.


கொலுசுப்பட்டறை | சிவதாபுரம்

நான் அதிகமா எழுத மாட்டேன், படிச்சுட்டுப் போயிருவேன். இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

எங்க பட்டறையில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பாட்டு ஓடும். கை வேலையில இருக்கும், போனைத் தொட முடியாது. அதனால எந்தப் பாட்டு வந்தாலும் முழுசா கேட்டுத்தான் ஆகணும். எங்க பொம்பளைங்களுக்கு எல்லாப் பாட்டுக்கும் ரெண்டாவது சரணம் வரைக்கும் தெரியும். என் பொண்ணு காலேஜ் படிக்கிறா, அவளுக்கு எங்களை விட நிறையப் பாட்டு தெரியும், ஆனா ஒண்ணும் முழுசா தெரியாது. கை சும்மா இருக்கிறதுதான் காரணம். பிடிக்கலைன்னா தள்ளிவிடலாம், பிடிச்சாலும் தள்ளிவிடலாம்.

'கண்மணி அன்போடு காதலன்' மட்டும் அவ முழுசா கேட்டா. அந்தப் பாட்டு வர்ற மஞ்சும்மல் பாய்ஸ் படம் பார்த்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி "அம்மா, குணா படம் எங்க இருக்கும்"னு தேடிப் போட்டா. ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு 1991 தீபாவளி ஞாபகம் வந்துச்சு, அவளுக்கு கொடைக்கானல் குகைக்குள்ள விழுந்த பையன் ஞாபகம். ஒரே பாட்டு. அவளோட பேச எனக்கு ஒரு விஷயம் கிடைச்சதேன்னு இருந்துச்சு.


மலைப்பாதை20 | ஏற்காடு

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு.

நான் ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுறேன். அடிவாரத்துல ஏறினதும் பசங்க புளூடூத்தைக் கேட்டு வாங்கிக்குவாங்க. அதுக்கப்புறம் ஒரே துண்டு திரும்பத் திரும்ப. ஸ்பீக்கர்ல அந்த மெட்டு இருபது வளைவுக்கும் வரும்.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். மேல போகப் போக சில இடத்துல சிக்னல் விட்டுப் போயிரும், ரீல்ஸ் சுத்திக்கிட்டே நிக்கும். அப்ப போன்ல இறக்கி வெச்சிருக்கிற பாட்டை எடுப்பாங்க. அங்கதான் யாருக்கு எது நிஜமா பிடிக்கும்னு தெரியும். இறக்கி வெக்கிறதுக்கு ஒரு ஆசை வேணும் இல்லையா? அதுல இந்த மாசத்து டிரெண்ட் பாட்டு பெரும்பாலும் இருக்காது. ராஜா சார் இருப்பார், ரகுமான் இருப்பார், யுவன் நிறைய இருப்பார். லப்பர் பந்துக்கு அப்புறம் 'நீ பொட்டு வச்ச' இருக்கு. 'கருகரு கருப்பாயி' இருக்கு, 2000ல தேவா போட்டது, 2023ல லியோவுல திரும்ப வந்தது. ரீல்ஸ்ல வந்து இறக்கி வெக்கிற வரைக்கும் போன பாட்டு.

வளைவுல வண்டியை நிறுத்தி நடு ரோட்டுல ரீல்ஸ் எடுக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். மேல இருந்து பஸ் இறங்குறப்ப டிரைவருக்கு உங்களைத் தெரியாது. ஒதுங்கி நின்னு எடுங்க.


மேடைக்கீபோர்டு | குகை

எல்லாரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தா எனக்கு ஒண்ணு பிடிபடுது.

லப்பர் பந்துல அந்தப் பாட்டு வர்ற இடம் என்ன? கெத்துன்னு ஒரு ஆளு. வயசாயிடுச்சு, இன்னும் கிரிக்கெட் மட்டையை விட முடியலை, விஜயகாந்த்னா உசுரு. அவர் களத்துல இறங்கும்போது அந்தப் பாட்டு. விஜயகாந்த் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் வேற. மஞ்சும்மல்லயும் பள்ளத்துல இருந்து நண்பனை மேல தூக்குற இடம். வெளிநாட்டுலயும் இதேதான்: கேட் புஷ் 1985ல பாடினப்ப இங்கிலாந்துல மூணாவது இடத்தோட நின்ன 'ரன்னிங் அப் தட் ஹில்', 2022ல ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர்ல ஒரு பொண்ணு சாவுல இருந்து தப்பி ஓடுற காட்சியில வந்ததும் முதல் இடத்துக்குப் போச்சு. 37 வருஷம் கழிச்சு.

இந்த மூணுலயும் பாட்டோட ஒரு ஆளு வர்றார், அவருக்கு ஒரு கஷ்டமோ ஆசையோ இருக்கு. கேட்கிறவங்க அந்த ஆளுக்காகப் பாட்டைத் தேடிப் போறாங்க, போன இடத்துல சரணமும் இருக்கு. வெறும் ஸ்டெப்போட வர்ற பாட்டுல அந்த ஆளு இல்லை. அதான் ஸ்டெப் முடிஞ்சதும் வெறுமை.


எண்கணக்கு | சேலம், இப்ப சென்னை

முழுசா ஒத்துக்க மாட்டேன் அண்ணா. 2017ல 'ஜிமிக்கி கம்மல்' எப்படி வந்தது? மோகன்லால் படத்துப் பாட்டு, ஆனா தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டு வந்தது கொச்சியில ஒரு கல்லூரி ஆசிரியைகளும் மாணவிகளும் ஓணத்துக்கு ஆடின வீடியோ. கதையும் கிடையாது, நமக்கு மொழிகூட பாதிதான் புரியும். சேலம் கல்லூரிகள்ல எந்த விழா எடுத்தாலும் அந்தப் பாட்டு இருந்தது, முழுசா.

கொலவெறிக்கும் கதை எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்துல நாலு பேர் சிரிச்சுக்கிட்டுப் பாட்டு பதிவு பண்றதுதான் வீடியோ. அது வர்ற '3' படம் 2012 மார்ச் 30ல வந்தப்ப பாட்டு அளவுக்குப் படம் ஓடலை. கதை பாட்டைத் தூக்குதுன்னா அங்க அது எப்படி?


ஃபிரேம்கட் | அஸ்தம்பட்டி

அந்த ரெண்டு வீடியோவுலயும் ஆளு இருக்காங்களே நண்பா. புடவை கட்டிக்கிட்டு வெட்கமும் சந்தோஷமுமா ஆடுற டீச்சருங்க. காகிதத்தைப் பார்த்துக்கிட்டு ஒரு நடிகர் சாதாரணமா பாடுறது. பார்க்கிறவங்களுக்கு 'நம்ம மாதிரி ஒருத்தர்'னு தோணுச்சு. கதைன்னு சொல்ல வேண்டாம், ஒரு மனுஷ முகம்னு வெச்சுக்குவோம். இப்ப வர்ற பல பாட்டுல முதல் நாளே ஸ்டெப் இதுதான்னு அறிவிச்சு, ஃபாலோயர் அதிகம் இருக்கிறவங்க நூறு பேருக்குக் காசு கொடுத்து ஆட வெச்சுடுறாங்க. நூறு முகமும் ஒரே மாதிரி.


எண்கணக்கு | சேலம், இப்ப சென்னை

சரி, இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. காசு கொடுத்து ஆட வெக்கிற பட்டியல் போடுற வேலையை நானே பார்த்திருக்கேன். அதுல எது தானா ஓட ஆரம்பிக்கும், எது மூணாவது நாள் படுத்துடும்னு ஆபீஸ்ல யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடிஞ்சதே இல்லை.


சேர்வராயன்பிள்ளை | ஏற்காடு மலைக் கிராமம்

எனக்கு இதுல ஒரு உதவி வேணும், அதுக்குத்தான் வந்தேன்.

நாங்க மலையாளி பழங்குடி, கேரளாக்காரங்க இல்லை, இந்த மலையில வாழறவங்க. சேலத்துல தங்கிப் படிக்கிறேன். எங்க பாட்டியும் இன்னும் சில பெரியவங்களும் கல்யாணத்துக்கும், மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் பாடுற பாட்டுங்க இருக்கு. எழுதி வெச்சது இல்லை. பாட்டிக்குக் குரல் தளர்ந்துக்கிட்டே வருது. பதிவு பண்ணி இணையத்துல போடணும்னு ஆசை. சின்னத் துண்டு போட்டாத்தான் யாராவது பார்ப்பாங்கன்னு ஃபிரெண்டுங்க சொல்றாங்க. மேல படிச்சதுக்கு அப்புறம் பயமா இருக்கு. எங்க பாட்டு ஒரு ஸ்டெப்பா மாறிடக் கூடாது. யாராவது எடுத்து பீட் சேர்த்துத் தங்களோட பாட்டுன்னு போட்டாலும் எங்களால கேட்க முடியாது. போடலாமா, வேண்டாமா?


ஓய்வாசிரியர் | செவ்வாய்ப்பேட்டை

கண்டிப்பாகப் பதிவு செய் பிள்ளை, இந்த வாரமே. வெளியிடுவதைப் பிறகு முடிவு செய்யலாம். குரல் காத்திருக்காது. பாட்டியிடம் ஒவ்வொரு பாட்டும் எப்போது பாடுவது, யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டுப் பதிவு செய். வரிகளைக் கையால் எழுதி ஒரு நோட்டில் வை. எந்தப் பாட்டை வெளியில் விடலாம், எது ஊருக்குள் மட்டும் இருக்க வேண்டியது என்பதைப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். கோயிலில் பாடுவதை அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடு.


எண்கணக்கு | சேலம், இப்ப சென்னை

தம்பி, பயம் நியாயமானது. ஹார்லெம் ஷேக்ல வர்ற குரல்கள் வேற பாட்டுகள்ல இருந்து அனுமதி வாங்காம எடுத்தது. பாட்டு உலகம் முழுக்கப் போன பிறகுதான் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்களே தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டாங்க. பார்வை வந்தா பணம் வரும்கிறதும் நிச்சயம் இல்லை. 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்ல வந்து எவ்வளவு பெரிசாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல இருந்து தங்களுக்கு வருமானமே வரலைன்னு இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024ல வெளிப்படையாச் சொன்னார்.

ஆனா அதே பாட்டுல இருந்து நல்லதும் ஒண்ணு எடுத்துக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையில இருந்து பாடகர் அறிவு அதை எழுதினார். வீடியோவுல அந்தப் பாட்டியும் இருக்காங்க. அவங்க முகத்தோடதான் பாட்டு பரவுச்சு. நீயும் பாட்டி முகம் தெரியுற மாதிரி எடு. குரலை மட்டும் தனியா போடாதே.


ஃபிரேம்கட் | அஸ்தம்பட்டி

எடுக்கிற விஷயம் என்கிட்ட விடு. சட்டையில மாட்டுற மைக் ரெண்டு இருக்கு, கேமராவும் கொண்டு வர்றேன், காசு வேண்டாம். காலையில சீக்கிரம் எடுத்துடலாம், காத்து கம்மியா இருக்கும். வாசல்ல உட்கார வெச்சு, அவங்க எப்பவும் பாடுற மாதிரி கூட்டமா பாடட்டும்.

முழுப் பாட்டை முதல்ல யூடியூப்ல போடுவோம், விவரத்துல பாடினவங்க பேர், ஊர் பேர், என்ன விசேஷத்துக்குப் பாடுறதுன்னு எல்லாம் எழுதி. அவங்க சம்மதிச்சா மட்டும் பேர். அதுக்கப்புறம்தான் துண்டு. எந்த வரியில வெட்டணும்னு பாட்டியே சொல்லட்டும். இன்ஸ்டாவுல போடும்போது 'ஒரிஜினல் ஆடியோ'ன்னு சும்மா விட்டுடாதே. அந்தப் பேரை ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியும், அதனால பாட்டு பேரும் ஊர் பேரும் சேர்த்து யோசிச்சு வை. அந்த ஆடியோவை எடுத்து யார் ரீல்ஸ் போட்டாலும் அந்தப் பேர் கீழ ஓடும்.


மலைப்பாதை20 | ஏற்காடு

ஞாயித்துக்கிழமை வேண்டாம், ரோடு முழுக்க வண்டி இருக்கும். செவ்வாய் இல்லைன்னா புதன் எனக்கு வண்டி காலி. அஸ்தம்பட்டியில விடியக்காலை அஞ்சரைக்கு ஏத்திக்கிறேன். தம்பி, ஊரு எந்தப் பக்கம்னு தனியா செய்தி அனுப்பு. வேன் போற ரோடு இருக்கா, இல்லை ஜீப் ஏற்பாடு பண்ணணுமா?


மேடைக்கீபோர்டு | குகை

நானும் வர்றேன். வாசிக்க இல்லை, கேட்க. மெட்டை ஸ்வரத்துல எழுதி அந்த நோட்டுல சேர்த்துடலாம். எங்க பாடகிப் பொண்ணும் வர்றேன்னு சொல்லியிருக்கு, பாட்டி சொல்லித் தந்தா முழுசா கத்துக்கணுமாம்.


சேர்வராயன்பிள்ளை | ஏற்காடு மலைக் கிராமம்

பாட்டிகிட்ட போன்ல கேட்டேன். புதன் வேண்டாம், சந்தை இருக்காம். செவ்வாய் வரச் சொன்னாங்க. எத்தனை பேர் வர்றீங்கன்னு சொல்லுங்க, சமைக்கணுமாம். டிரைவர் அண்ணா, ஜீப் வேணும், கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண் ரோடு.